தேயும் வட்டு, தேயாத பதிவு

கோலாலம்பூரின் வடபகுதியில் அமைந்துள்ள செந்தூலுக்கும் இரயிலுக்கும் இடையே நூறாண்டுக்கும் மேற்பட்ட உறவு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாய்க் கூட்டு மாநிலங்களின் இரயில்வே தனது மையப் பட்டறையை இங்குதான் அமைத்தது. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தமிழர் பலர் இப்பட்டறையிலும் இரயில் பாதைகளிலும் உழைத்தனர். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜப்பானியர் வசமிருந்த இப்பட்டறை நேசப்படைகளின் குண்டுவீச்சுக்கு இலக்கானது. போருக்குப் பின் அது மீண்டும் எழுந்து நின்றது. பின்னாளில் பழுதுபார்க்கும் பணிகள் பேராக் மாநிலத்தின் பத்து காஜாவுக்கு மாறின. பழைய கட்டடங்களும் தண்டவாளங்களும் இன்றும் செந்தூலின் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இரயில் பட்டறைகளுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. பெட்டியோ இயந்திரமோ பழுதான பின் அதைச் சரிசெய்வது அங்குப் பாதி வேலைதான். பழுதாவதற்கு முன்பே தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது மீதிப் பாதி. பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்துள்ளது, அச்சில் எண்ணெய் உள்ளதா, சக்கரத்தில் விரிசல் உள்ளதா என்பதை எல்லாம் குறித்த நாளில் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். சக்கரத்தில் விரிசல் உள்ளதா என்பதை அறிய, நீண்ட கைப்பிடி கொண்ட சுத்தியலால் தட்டிப் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் இரயில்வேயில் இருந்தது. நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்ட சக்கரம் மந்தமாக ஒலிக்கும். பழகிய காது அந்த வேறுபாட்டை நொடியில் கண்டுகொள்ளும்.

அப்படிப்பட்ட பட்டறையில் பல ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரின் பேத்தி, இன்று செந்தூலில் கணினித் தொழில்நுட்பராகப் பணியாற்றுகிறார். அவர் பராமரிக்கும் கணினிகளுள் ஒன்று, கடைவீட்டில் இயங்கும் ஒரு சிறிய கிளினிக்கின் சர்வர். சர்வர் என்றதும் பெரிய அறையும் குளிரூட்டியும் மினுமினுக்கும் விளக்குகளும் நினைவுக்கு வரலாம். இந்தச் சர்வரோ மேசைக்கடியில் அடங்கிவிடும் ஒரு கறுப்புப் பெட்டிதான். ஆனால், அதற்குள் அந்த வட்டாரத்து மக்கள் பலரின் மருத்துவப் பதிவுகள் உள்ளன. யாருக்கு நீரிழிவு நோய் உள்ளது, யாருக்கு இரத்த அழுத்த மாத்திரையின் அளவு சென்ற வாரம் கூட்டப்பட்டது, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி எஞ்சியுள்ளது ஆகிய அனைத்தும் அங்கே தரவுத்தளமாகச் சேமிக்கப்பட்டுள்ளன.

தரவுத்தளம் என்பது ஒழுங்குபடுத்தப்பட்ட பதிவுகளின் தொகுப்பு. ஒருவர் எழுதும்போதே மற்றொருவர் படிக்கலாம். ஆயிரக்கணக்கான பதிவுகளுக்கு நடுவே ஒன்றை நொடிப்பொழுதில் தேடி எடுக்கலாம். அந்தக் கிளினிக்கின் தரவுத்தளத்தில் ஒரு மூதாட்டியின் பெயருக்கு எதிரே, 'பெனிசிலின் ஒவ்வாமை' என்று ஒரு வரி உள்ளது. பெனிசிலின் ஒவ்வாமை கடுமையாக இருந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த ஒரு வரி அழிந்துபோனால், புதிதாகப் பணிக்கு வரும் மருத்துவர் அறியாமல் அம்மருந்தையே எழுதிக் கொடுத்துவிடக்கூடும். கணினிக்கு அது சில எழுத்துகள். மூதாட்டிக்கோ அது உயிர்.

முன்பு அந்தச் சர்வரில் வன்தட்டு இருந்தது. வன்தட்டினுள் உலோகப் பூச்சுக் கொண்ட தட்டு நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும். அதன்மேல் ஒரு முனை இங்கும் அங்கும் நகர்ந்து தரவைப் படிக்கும். தேவையான இடத்திற்கு முனை நகர்ந்து சேர வேண்டியிருப்பதால், சிதறிக் கிடக்கும் பதிவுகளை நொடிக்கு நூறு அல்லது இருநூறு முறை அளவுக்கே அதனால் எடுக்க முடியும். காலை வேளையில் நோயாளிகள் நிரம்பி வழியும்போது, பதிவு மேசையில் இருக்கும் தாதி திரையைப் பார்த்தபடி காத்திருக்க நேர்ந்தது. எனவே, வன்தட்டை எடுத்துவிட்டுத் திடநிலை வட்டு பொருத்தப்பட்டது. கடைகளில் இதனை எஸ்.எஸ்.டி. என்று கேட்டு வாங்குவர். வட்டு என்னும் பெயர் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டதே தவிர, உள்ளே வட்டமாக எதுவும் இல்லை, சுழல்வதும் இல்லை. சில்லுகள் மட்டுமே உள்ளன. நொடிக்குப் பல்லாயிரம் பதிவுகளை அது எடுத்துத் தந்தது. காத்திருப்பு மறைந்தது.

அந்தச் சில்லுகளுக்கு அடிப்படையான நினைவகத்தை உருவாக்கியவர் ஜப்பானியப் பொறியாளர் புஜியோ மசுவோகா. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1980-களில் ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தார். இன்று திடநிலை வட்டுகளில் பயன்படும் நாண்ட் வகை 1987-ஆம் ஆண்டில் அறிமுகமானது. அதன் தத்துவம் எளியது. சில்லில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சிற்றறைகள் உள்ளன. ஒவ்வொரு சிற்றறையும் மின்கடத்தாத மெல்லிய சுவரால் சூழப்பட்டிருக்கும். அதிக மின்னழுத்தம் கொடுத்து அச்சுவர் வழியே எலெக்ட்ரான்களை உள்ளே தள்ளினால் ஒரு நிலை. வெளியேற்றினால் மற்றொரு நிலை. சுவர் அடைத்துக்கொண்டிருப்பதால், மின்சாரம் இல்லாதபோதும் எலெக்ட்ரான்கள் உள்ளேயே தங்குகின்றன. இப்படித்தான் தரவு நினைவில் நிற்கிறது.

ஆனால், ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அந்த மெல்லிய சுவர் சிறிது சிறிதாகச் சிதைகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர் பெரியோர். இங்கே எலெக்ட்ரான்கள் ஊரச் சுவர் தேய்கிறது. ஒரு சிற்றறையில் ஒரே ஒரு பிட் தரவை வைக்கும் வகை ஏறத்தாழ ஒரு லட்சம் முறை எழுதி அழிப்பதைத் தாங்கும். ஒரே சிற்றறையில் மூன்று பிட்களை அடைக்கும் வகை சில ஆயிரம் முறையே தாங்கும். நான்கு பிட்களை அடைக்கும் வகையோ ஆயிரம் முறை அளவில் களைத்துவிடும். விலை மலிவாக மலிவாக, தாங்கும் ஆற்றலும் குறைகிறது. படிப்பதால் ஏற்படும் தேய்வு மிகச் சிறிது. எழுதுவதால்தான் வட்டு தேய்கிறது. தரவுத்தளச் சர்வரின் வேலையோ ஓயாமல் எழுதுவது.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஃபிளாஷ் நினைவகத்தில் பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால், பக்கம் பக்கமாக அழிக்க முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியை முழுமையாகத்தான் அழிக்க வேண்டும். பென்சிலால் எழுதிய பயிற்சிப் புத்தகத்தில் ஒரு சொல்லை அழிக்கும் வசதி அங்கு இல்லை. கரும்பலகை முழுவதையும் ஒரேயடியாகக் கழுவ வேண்டும் என்ற நிலை. அதில் இன்னும் தேவைப்படும் வரிகள் இருந்தால், முதலில் அவற்றை வேறொரு பலகையில் எழுதிக்கொண்டு பிறகு கழுவ வேண்டும். இதனால், தரவுத்தளம் ஒரு பங்கு எழுதச் சொன்னால், வட்டு தனக்குள் இரண்டு மூன்று பங்கு எழுத நேரிடுகிறது.

இவற்றையெல்லாம் சமாளிக்க, வட்டினுள்ளேயே ஒரு சிறிய கட்டுப்பாட்டுக் கணினி இயங்குகிறது. ஒரே தொகுதி மீண்டும் மீண்டும் தேயாதபடி, எழுத்து வேலையை எல்லாத் தொகுதிகளுக்கும் அது பகிர்ந்தளிக்கிறது. மோட்டார் வண்டியின் முன்சக்கர டயரையும் பின்சக்கர டயரையும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்துவது போன்றது இது. கெட்டுப்போகும் தொகுதிகளுக்கு மாற்றாக வட்டில் உதிரித் தொகுதிகளும் ஒதுக்கப்பட்டிருக்கும். வட்டை முழுவதுமாக நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டுவைத்தால், இந்த வேலை எளிதாகி வட்டின் ஆயுளும் கூடும்.

வட்டு எத்தனை காலம் தாங்கும் என்பதை ஓரளவு கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, 1 டெராபைட் கொள்ளளவுள்ள வட்டு ஒன்றுக்கு 600 டெராபைட் வரை எழுதலாம் என்று தயாரிப்பாளர் உறுதியளிப்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 50 கிகாபைட் எழுதினால், அந்த எல்லையை எட்ட 12,000 நாள்கள், அதாவது ஏறத்தாழ 33 ஆண்டுகள் ஆகும். அதே வட்டில் நாளொன்றுக்கு 1,000 கிகாபைட் எழுதினால், 600 நாள்களில் எல்லை வந்துவிடும். ஆகவே, வட்டு வாங்கும்முன் சர்வர் ஒரு நாளில் எவ்வளவு எழுதுகிறது என்பதை அளந்தறிவது அவசியம். சிறிய கிளினிக்கிற்கு எழுத்தின் அளவு குறைவு. அங்கு வட்டு தேய்ந்து சாவதைவிட வேறு காரணங்களால் சாவதற்கே வாய்ப்பு அதிகம்.

ஒருநாள், பேத்தியைக் காண வந்த தாத்தா அந்தக் கறுப்புப் பெட்டியின் அருகே குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"ஏம்மா, உள்ளே எதுவும் சுற்றவில்லையா? சத்தமே இல்லையே!"

"சுற்றுவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை, தாத்தா. காற்றாடி மட்டும்தான் சுற்றுகிறது."

"அப்படியென்றால், கெட்டுப்போகப் போவது உனக்கு எப்படித் தெரியும்? சக்கரம் என்றால் தட்டிப் பார்ப்போம். இதைத் தட்டவா முடியும்?"

"தட்ட முடியாது, தாத்தா. ஆனால், கேட்கலாம். கேட்டால் சொல்லும்."

பேத்தி திரையில் ஒரு பட்டியலை வரவழைத்தார். ஒவ்வொரு திடநிலை வட்டும் தன் உடல்நிலையைப் பற்றிய எண்களைத் தானே குறித்துவைக்கிறது. இதுவரை எவ்வளவு எழுதப்பட்டுள்ளது, உறுதியளிக்கப்பட்ட ஆயுளில் எத்தனை விழுக்காடு கழிந்துள்ளது, உதிரித் தொகுதிகள் எத்தனை எஞ்சியுள்ளன, திருத்த முடியாத பிழைகள் எத்தனை, வெப்பநிலை என்ன என்பவை அவற்றுள் சில. வாரத்திற்கு ஒருமுறை அந்த எண்களை எடுத்து அட்டவணையில் சேர்ப்பது பேத்தியின் வழக்கம்.

"ஓர் எண்ணைப் பார்த்தால் பயன் இல்லை, தாத்தா. போன வாரத்து எண்ணோடு ஒப்பிட வேண்டும். பிழைகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கினால், வட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்."

தாத்தா அட்டவணையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "இது எங்கள் பட்டறைக் குறிப்பேடு போலத்தான் இருக்கிறது," என்றார்.

ஆனால், எண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. எந்த முன்னறிவிப்பும் இன்றித் திடீரென்று மௌனமாகிவிடும் வட்டுகளும் உண்டு. வன்தட்டு கெடும்போது பெரும்பாலும் கடகடவென்று ஒலி எழுப்பும். திடநிலை வட்டில் அந்த ஒலி எச்சரிக்கை கிடையாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மற்றோர் ஆபத்தும் காத்திருக்கிறது. உலகிலேயே இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களுள் இதுவும் ஒன்று. பிற்பகலில் வானம் கறுத்து, இடி இடித்து, கணப்பொழுதில் மின்சாரம் துண்டிக்கப்படுவது இங்குள்ளோர்க்குப் புதிதன்று. விளக்கு அணைந்தால் மீண்டும் எரியும். ஆனால், சர்வர் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் போனால், பாதி எழுதிய பதிவின் கதி என்ன?

நல்ல தரவுத்தள மென்பொருள்கள் இதற்கு ஒரு வழி வைத்துள்ளன. பதிவை அதன் இடத்தில் எழுதுவதற்கு முன், செய்யப்போகும் மாற்றத்தை ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதுகின்றன. குறிப்பு வட்டில் பத்திரமாக இறங்கிய பிறகே 'பதிவாகிவிட்டது' என்று பயனரிடம் சொல்கின்றன. இடையில் மின்சாரம் போனாலும், சர்வர் மீண்டும் இயங்கும்போது அந்தக் குறிப்பேட்டைப் படித்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் இம்முறையைத்தான் பின்பற்றுகின்றன.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. 'எழுதிவிட்டேன்' என்று வட்டு சொன்னால், அது உண்மையிலேயே எழுதியிருக்க வேண்டும். வேகத்திற்காகச் சில வட்டுகள், தரவு தற்காலிக நினைவகத்தை எட்டியதுமே 'எழுதிவிட்டேன்' என்று பதில் சொல்லிவிடுகின்றன. அந்த நொடியில் மின்சாரம் போனால், தற்காலிக நினைவகத்தில் இருந்தது காற்றோடு போய்விடும். 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் எச்.பி. ஆய்வகத்தினரும் 15 திடநிலை வட்டுகளை எடுத்து, எழுதும்போதே மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்தனர். அவற்றுள் 13 வட்டுகள் ஏதேனும் ஒரு வகையில் தவறிழைத்தன. சிலவற்றில் தரவு சிதைந்தது. ஒரு வட்டு முற்றாகவே செயலிழந்தது.

சர்வர்களுக்கென்றே தயாரிக்கப்படும் வட்டுகளில் இதற்குத் தீர்வு உண்டு. சிறிய மின்தேக்கிகள் அவற்றில் பொருத்தப்பட்டிருக்கும். வெளி மின்சாரம் நின்றுபோனாலும், கையிலிருக்கும் தரவை எழுதி முடிக்கும் அளவுக்குச் சில கணங்களுக்கு அவை மின்சாரம் தரும். வீட்டுக் கணினிக்கான மலிவான வட்டுகள் பலவற்றில் இவ்வசதி இல்லை. கிளினிக்கின் உரிமையாளர் விலைப் பட்டியலைப் பார்த்துத் தயங்கியபோது, அந்தத் தொழில்நுட்பர் இந்த ஒரு வேறுபாட்டைத்தான் எடுத்துச் சொன்னார். "டாக்டர், கூடுதல் பணம் வேகத்திற்காக அல்ல. நீங்கள் பதிந்தது உண்மையிலேயே பதிந்திருக்க வேண்டும் என்பதற்காக," என்றார். யு.பி.எஸ். ஒன்றும் வாங்கப்பட்டது. மின்சாரம் தடைபட்டால், சர்வர் ஒழுங்காகத் தன்னை மூடிக்கொள்ள அது சில நிமிடங்கள் அவகாசம் தரும்.

ஒரே வட்டை நம்பாமல் இரண்டு வட்டுகளில் ஒரே தரவை ஒருசேர எழுதும் முறையும் உண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஆனால், இதிலும் ஒரு நுட்பம் உள்ளது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எச்.பி.இ. நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பை வெளியிட்டது. அது விற்ற சில வகைத் திடநிலை வட்டுகளின் உள்மென்பொருளில் குறைபாடு இருந்தது. அந்த வட்டுகள் சரியாக 32,768 மணி நேரம் இயங்கியதும் செயலிழந்துவிடும். அதாவது, 3 ஆண்டுகள், 270 நாள்கள், 8 மணி நேரம். செயலிழந்தபின் வட்டையும் மீட்க முடியாது, தரவையும் மீட்க முடியாது. புதிய உள்மென்பொருளை முன்கூட்டியே நிறுவிக்கொள்வதே ஒரே வழி. அறிவிப்பைப் படித்து உடனே செயல்பட்டவர்கள் தப்பினர்.

இங்கு ஆழ்ந்து எண்ண வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு வட்டுகளும் ஒரே நாளில் வாங்கிப் பொருத்தப்பட்டிருந்தால், இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் 32,768 மணியை எட்டும். இரட்டைப் பாதுகாப்பு என்று நம்பியிருந்தது ஒரே வேளையில் இல்லாமல் போய்விடும். இரட்டையருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வருவது போன்றது இது. அதனால்தான், அனுபவம் வாய்ந்தோர் இரண்டு வட்டுகளையும் வெவ்வேறு தயாரிப்புகளாகவோ வெவ்வேறு காலத்தில் வாங்கியவையாகவோ பார்த்துப் பொருத்துகின்றனர். செந்தூல் கிளினிக்கின் சர்வரிலும் இரண்டு வட்டுகளும் இரு வேறு நிறுவனத் தயாரிப்புகளே.

இரண்டு வட்டுகள் இருந்தால் போதுமா? போதாது. ஒருவர் தவறுதலாக ஒரு பதிவை அழித்துவிட்டால், அந்த அழிப்பும் இரண்டு வட்டுகளிலும் ஒருசேர நடந்துவிடும். எனவே, தனியாகக் காப்புப்படி எடுத்துவைக்க வேண்டும். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு படி வேறோர் இடத்தில் என்பது கணினித் துறையில் பலரும் பின்பற்றும் விதி. கடைவீட்டில் தீப்பிடித்தாலோ வெள்ளம் புகுந்தாலோ, வேறிடத்தில் உள்ள படியே காப்பாற்றும். கிளினிக்கின் படிகள் நோயாளிகளின் அந்தரங்கம் என்பதால், கடவுச்சொல் இன்றித் திறக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகின்றன. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிறருடைய தரவைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்று பணிக்கிறது.

காப்புப்படியைப் பழைய திடநிலை வட்டில் எடுத்து அலமாரியில் பூட்டிவைப்பதும் நல்லதன்று. சிற்றறைகளில் அடைபட்ட எலெக்ட்ரான்கள் காலப்போக்கில் கசியும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். ஜெடெக் என்னும் தரநிலை அமைப்பின் விதிப்படி, ஆயுள் முடியும் அளவுக்கு எழுதப்பட்ட சாதாரண வட்டு, மின்சாரம் இன்றி 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓராண்டுக்குத் தரவைக் காக்க வேண்டும். சர்வர் வகை வட்டுக்கு 40 பாகையில் மூன்று மாதம்தான். நீண்ட காலச் சேமிப்புக்குப் பிற சாதனங்களே பொருத்தமானவை.

காப்புப்படி இருப்பதாக நம்புவதும் அது உண்மையில் இருப்பதும் ஒன்றல்ல. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், மென்பொருள் எழுதுவோர் உலகெங்கும் பயன்படுத்தும் கிட்லேப் தளத்தின் பொறியாளர் ஒருவர், சிக்கலைத் தீர்க்கும் முயற்சியில் தவறான சர்வரின் தரவை அழித்துவிட்டார். மீட்கலாம் என்று பார்த்தபோது, ஏற்படுத்திவைத்திருந்த ஐந்து வழிகளுள் ஒன்றுகூட ஒழுங்காக இயங்கவில்லை என்பது தெரியவந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு படியே அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தின் பதிவுகள் தொலைந்தன. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் உலகறிய எழுதியது. அதனால் பலர் பாடம் கற்றனர்.

செந்தூல் தொழில்நுட்பரும் அவர்களுள் ஒருவர். மாதத்தின் முதல் சனிக்கிழமை கிளினிக் மூடிய பிறகு, வேறொரு கணினியில் காப்புப்படியிலிருந்து தரவுத்தளத்தை முழுமையாக எழுப்பிப் பார்ப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். எழுப்பியதும் முதலில் தேடுவது அந்த மூதாட்டியின் ஒவ்வாமை வரியைத்தான். ஒரு மாதம் அந்த ஒத்திகையின்போது, கடைசி மூன்று வாரப் பதிவுகளைக் காணவில்லை. காப்புப்படி சேமிக்கும் இடம் நிரம்பிவிட்டிருந்தது. ஒவ்வோர் இரவும் வேலை தொடங்கி, பாதியில் நின்றுபோயிருந்தது. நின்றதை யாருக்கும் தெரிவிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. சர்வர் நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்ததால், யாருக்கும் எந்தக் குறையும் தென்படவில்லை. அந்த மூன்று வாரத்தில் சர்வருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், புதிதாகப் பதிந்த எத்தனையோ பேரின் விவரங்கள் காற்றில் கரைந்திருக்கும். அன்றிரவே இடம் கூட்டப்பட்டது. படி முழுமையாக முடியாவிட்டால், உடனே கைப்பேசிக்குச் செய்தி வரும்படியும் ஏற்பாடு செய்யப்பட்டது. நோயாளிகள் யாருக்கும் இது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் ஏற்படவில்லை. வெள்ளம் வருமுன் அணை போடுவோரின் உழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வெளியே தெரியாமல் போகிறது.

தமிழர்க்கு இவ்வுழைப்பு புதியதன்று. பனையோலையும் நிலையான பொருளன்று. பூச்சியும் ஈரமும் சில நூறு ஆண்டுகளில் அதனைத் தின்றுவிடும். ஓலை சிதைவதற்கு முன் அதனைப் பார்த்து வேறோர் ஓலையில் படியெடுத்தவர்கள் தலைமுறைதோறும் இருந்தனர். அதனால்தான் பழந்தமிழ் நூல்கள் பல இன்று கையில் உள்ளன. படியெடுக்கத் தவறிய நூல்கள் மறைந்தன. உ.வே.சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து திரட்டிய ஓலைச்சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழை நீக்கினார். பல படிகள் இருந்ததால்தான் எது பிழை, எது சரி என்று அவரால் காண முடிந்தது. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாதவை என்றென்றைக்குமாக மறைந்தன. அந்த இழப்பை உணர்ந்த தலைமுறையினர், 2005-ஆம் ஆண்டில் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடிச் சேமித்து வருகின்றனர். அந்தத் தரவும் ஏதோ ஒரு சர்வரில், ஏதோ ஒரு வட்டில்தான் உறங்குகிறது. ஓலையைப்போல அதையும் யாரோ ஒருவர் காலந்தோறும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாணவர்களின் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் இருப்பது அதே ஃபிளாஷ் நினைவகம்தான். குடும்பப் படங்களும் பள்ளி இடுபணிகளும் தாத்தா பாட்டியின் குரல் பதிவுகளும் அதே மெல்லிய சுவருக்குள் அடைபட்ட எலெக்ட்ரான்களாகவே இருக்கின்றன. அவற்றுள் இழக்கவே கூடாதவை எவை என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம். அவற்றுக்கு வேறோர் இடத்தில் ஒரு படி எடுத்து வைக்கலாம். எடுத்த படியை ஒருநாள் திறந்து, உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.